வீட்டைக் காப்பதா, ஊரைக் காப்பதா: ஷிராகவா பள்ளத்தாக்கில் எடுத்த முடிவுகள்

சில விவசாயக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து வாழ்ந்த ஒரு குக்கிராமம். வீடும் தொழுவமும் தானியக் களஞ்சியமும் களமும் வாய்க்காலும் ஒன்றுக்கொன்று அணைவாக அமைந்திருக்கின்றன. பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விட்டார்கள். இருப்பவர்களால் கூரையை மாற்ற முடியவில்லை. உலகின் எந்த மூலையிலும் இப்படி ஊர்கள் உண்டு. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட மனமில்லாதவர்களுக்கு முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. குடியிருந்தபடியே காக்கலாம், பெயர்த்தெடுத்து வேறிடத்தில் நிறுத்தலாம், விருந்தினர் தங்கும் இடமாக்கலாம், ஆளில்லாத ஊரை இருந்த இடத்திலேயே காட்சிக்கு வைக்கலாம்.

இவற்றில் முதல் மூன்றையும் ஒரே பள்ளத்தாக்கில், ஏறத்தாழ ஒரே காலத்தில் செய்து பார்த்திருக்கிறார்கள். அது ஜப்பானின் ஷிராகவாகோ. வீடு ஒன்று, மண் ஒன்று, மக்களும் ஒரே மக்கள். எடுத்த முடிவு மட்டும் வேறு வேறு. அதனால் வழிகளை எடைபோட இதைவிடத் தோதான இடம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் அந்த வீட்டைப் பார்க்க வேண்டும்

ஹொன்ஷு தீவின் நடுப்பகுதியில், கிஃபு மாநிலத்தின் மலைகளுக்கு இடையே ஷோ ஆறு வடக்கு நோக்கி ஓடுகிறது. ஆற்றின் மேல்பகுதி ஷிராகவாகோ. இன்னும் வடக்கே, தொயாமா மாநிலத்துக்குள் போனால் கொகயாமா. குளிர்காலத்தில் ஆளுயரத்தைத் தாண்டிப் பனி குவியும். விளைநிலம் குறைவு. அந்தப் பனியைத் தாங்கவும், அந்தக் குறைவை ஈடுகட்டவும் உருவானவை 'கஸ்ஷோ' வீடுகள். கைகூப்பியது போல ஏறத்தாழ 60 பாகைச் சரிவில் உயரும் கனத்த புல் கூரை அவற்றின் அடையாளம்.

கூரைக்குக் கீழே மூன்று நான்கு தளங்கள். கீழ்த்தளத்தில் குடும்பம் வாழும்; மேல்தளங்களில் பட்டுப்புழு வளரும். தரைக்கு அடியில் குழி வெட்டி, மண்ணும் புல்லும் பட்டுப்புழுக் கழிவும் சேர்த்து மக்கவைத்து, வெடிமருந்துக்கான வெடியுப்பு எடுத்தார்கள். நெல் விளைவிக்க நிலம் போதாத ஊரில் வீடே தொழிற்கூடமாக இருந்தது.

கீழ்த்தளச் சட்டகம் தச்சர் வேலை. அதற்கு மேலே எழும் கூரை முழுவதும் ஊராரின் வேலை. அங்கே ஆணி கிடையாது. கைமரங்களை வைக்கோல் கயிற்றாலும், வளைந்து கொடுக்கும் இளங்கொம்புகளாலும் இறுக்கிக் கட்டுகிறார்கள். காற்றும் பனியும் அழுத்தும்போது கூரை சற்றே அசைந்து கொடுத்து நிலைக்கிறது. நடுக்கூடத்தின் தரையில் பதித்த அடுப்பிலிருந்து எழும் புகை எல்லாத் தளங்களையும் கடந்து மேலேறி, கயிற்றையும் புல்லையும் உலர்வாகவும் பூச்சி அரிக்காமலும் வைத்திருக்கிறது. அடுப்பு அணைந்து கிடக்கும் வீட்டின் கூரை சீக்கிரம் கெடும்.

ஒரு கூரையின் ஆயுள் 30 முதல் 40 ஆண்டுகள். அதன் ஒரு பக்கச் சரிவை மட்டும் மாற்ற நூறு முதல் இருநூறு பேர் ஓரிரு நாள் உழைக்க வேண்டும். இதற்குக் கூலி கொடுக்கிற வசதி எந்தக் குடும்பத்துக்கும் இருந்ததில்லை. 'யுய்' என்ற முறையில் இன்று உன் வீடு, அடுத்து என் வீடு என்று கைமாற்றாக உழைத்தார்கள். யார் எத்தனை ஆள் அனுப்பினார்கள், எவ்வளவு புல்லும் கயிறும் கொடுத்தார்கள் என்று எழுதியும் வைத்தார்கள்.

முடிவெடுக்கிறவர்கள் முதலில் மனதில் பதிக்க வேண்டியது இதுதான். இந்த வீட்டைத் தாங்கி நிற்பதில் மரத்துக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு அந்த நூறு பேருக்கும் உண்டு. வீட்டை மட்டும் காக்கிற வழியும், அந்த நூறு பேரையும் சேர்த்துக் காக்கிற வழியும் தொடக்கத்திலேயே பிரிந்துவிடுகின்றன.

குடியிருந்தபடியே காப்பது

ஷிராகவாவின் ஒகிமாச்சி ஊர் தேர்ந்தது இந்த வழியை. 1950களிலும் 60களிலும் அணைக்கட்டு வேலைகளும் ஊரைவிட்டுப் போகும் குடும்பங்களுமாகக் கஸ்ஷோ வீடுகள் மளமளவென்று குறைந்தன. 1971-இல் ஒகிமாச்சி மக்கள் தாங்களே கூடி ஒரு சங்கம் அமைத்து மூன்று விதிகளை ஏற்றார்கள்: விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை. தேசிய அரசின் பாதுகாப்புப் பட்டியலில் ஊர் சேர்ந்தது அதற்குப் பிறகு, 1976-இல். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஒகிமாச்சியும் கொகயாமாவின் ஐனொகுரா, சுகனுமா ஊர்களும் இடம்பெற்றது 1995-இல்.

இந்த வரிசை முக்கியமானது. ஊர் முதலில் தன் வாக்கைக் கொடுத்தது, அரசு பின்னால் வந்தது. மேலிருந்து வரும் உத்தரவால் ஒருவரை இடிக்கவிடாமல் தடுக்கலாம். ஆனால் ஐப்பசிக் குளிரில் ஏணி ஏறிப் புல் வேய வைக்க முடியாது. மூன்று விதிகளில் 'விற்பதில்லை' என்பதைத்தான் நான் மிக உயர்வாக மதிக்கிறேன். இடிக்கத் தடை பல நாடுகளில் சட்டமாகவே இருக்கிறது. வெளியாருக்கு விற்க மாட்டோம் என்று சொந்தக்காரர்களே சேர்ந்து முடிவெடுப்பது அரிது. அந்த முடிவால்தான் அங்கே ஊர் ஊராரிடமே மிஞ்சியிருக்கிறது. வெடியுப்பு வணிகத்தில் செழித்த வாதா குடும்பத்தின் பெரிய வீடு தேசிய அளவில் பாதுகாக்கப்பட்டது. ஒரு பகுதியைப் பார்வையாளருக்குத் திறந்துவிட்டு, மறுபகுதியில் குடும்பம் வாழ்ந்து வருகிறது.

இதற்குக் கொடுக்கும் விலையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதல் விலை நெருப்பு. புல் கூரைகள் நெருங்கி நிற்கும் ஊரில் ஒரு பொறி போதும். அதனால் வீடுகளுக்கு நடுவே 50க்கும் மேற்பட்ட நீர்ப்பீச்சிகளைப் பதித்து, ஆண்டுதோறும் இலையுதிர்காலத்தில் எல்லாவற்றையும் ஒருசேரத் திறந்து ஒத்திகை பார்க்கிறார்கள். 2019 நவம்பரில் வாகன நிறுத்துமிடத்தின் அருகே கொட்டகைகள் தீப்பற்றியபோது, அந்தப் பீச்சிகள் உண்மையாகவே தேவைப்பட்டன.

இரண்டாவது விலை கூட்டம். 2008-இல் விரைவுச்சாலை முழுமையாகத் திறந்தபின் நகரங்களிலிருந்து வருவது எளிதாயிற்று. ஒகிமாச்சியையும் சேர்த்துச் சுமார் 1,600 பேர் வாழ்ந்த ஷிராகவா கிராமத்துக்கு, பெருந்தொற்றுக்கு முந்தைய ஆண்டுகளில் வருடத்துக்கு 15 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். வயல்கள் வாகன நிறுத்துமிடங்களாக மாறும் ஆபத்து பெரிய கவலையானது. வயலில்லாத விவசாயக் குக்கிராமம் என்ன குக்கிராமம்? குளிர்கால விளக்கொளி மாலைகளுக்கு 2019 முதல் முன்பதிவு இல்லாமல் யாரும் வர முடியாது என்று ஆக்கினார்கள். 1997-இல் தொடங்கிய பாதுகாப்பு அறக்கட்டளை வாகன நிறுத்துமிட வருவாயைக் காப்புப் பணிக்குத் திருப்புகிறது. வருகிறவர்களின் காசு வந்த சுமையைச் சுமக்கவே செலவாவது நியாயமான ஏற்பாடு.

மூன்றாவது, கைமாற்று உழைப்பு தேய்வது. இப்போது பல கூரைகளைத் தொழில்முறை வேலையாட்களே வேய்கிறார்கள். செலவின் பெரும்பகுதி அரசு மானியம். கூரை நிற்கிறது, ஆனால் அதை வேயத் தெரிந்த கைகள் குறைகின்றன. சில வீடுகளுக்காவது ஊரே கூடி வேய்வதை விடாமல் வைத்திருக்கிறார்கள். பார்வைக்கு அது விழாபோல இருந்தாலும் உண்மையில் அதுதான் பள்ளிக்கூடம்.

இதே வழியை இதைவிட இலகுவாக நடத்தும் இடங்களும் உண்டு. ஸ்வீடனின் ஹெல்சிங்லாந்து பகுதியில் 2012-இல் ஏழு பண்ணை வீடுகள் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. ஆளிச்செடி நாரும் காட்டு மரமும் கொடுத்த செல்வத்தில் 19-ஆம் நூற்றாண்டின் விவசாயிகள் கட்டிய பெரிய மர வீடுகள் அவை. விருந்துக்கென்றே தனி அறைகள், சுவர் முழுக்க ஓவியம். தடித்த மரச்சுவர் வீட்டுக்குப் புல் கூரையைப் போல அடிக்கடி நூறு பேர் தேவையில்லை. ஒரு குடும்பமே பார்த்துக்கொள்ளலாம். கட்டடப் பொருள் எதுவோ, அதைப் பொறுத்தே குடியிருந்து காப்பதன் சுமையும் அமைகிறது.

பெயர்த்தெடுத்து நிறுத்துவது

ஷோ ஆற்றின் மேல்பகுதியில் மிபொரோ அணை 1961-இல் முடிந்தது. நீர்த்தேக்கம் பல ஊர்களை விழுங்கியது. மூழ்கவிருந்த பகுதியிலிருந்த யனொஹாரா குடும்பத்தின் வீடு 1960-இல் யோகொஹாமாவின் சன்கெய்யென் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. காவாசாகி நகரில் 1967-இல் திறந்த நிஹொன் மின்காயென் திறந்தவெளி அருங்காட்சியகத்திலும் ஷிராகவா, கொகயாமா பக்கத்து வீடுகள் நிற்கின்றன.

இந்த வீடுகள் பெயர்ப்பதற்கு வசதியானவை. கட்டு அவிழ்த்தால் கைமரம் தனியாக வரும். ஒவ்வொரு மரத்துக்கும் எண் எழுதி மறுபடியும் பூட்டலாம். வட ஐரோப்பாவின் மர வீடுகளும் இப்படித்தான். அதனால்தான் நார்வேயில் மன்னர் இரண்டாம் ஆஸ்கரின் பழங்கட்டடத் தொகுப்பு 1881-இலும், ஸ்டாக்ஹோமில் ஆர்தர் ஹாசேலியஸின் ஸ்கான்சென் திறந்தவெளி அருங்காட்சியகம் 1891-இலும் சாத்தியமாயின. மண்சுவர், கல்சுவர் வீடுகளுக்கு இந்த வழி பெரும்பாலும் அடைபட்டதே. மண்சுவரைப் பிரித்தால் மண்தான் மிஞ்சும். புதிதாக எழுப்புவது நகல்.

பெயர்ப்பதில் போவது என்ன? ஒகிமாச்சியில் கூரைகளின் முகடு பள்ளத்தாக்கின் போக்கில், ஏறக்குறைய வடக்குத் தெற்காக ஓடுகிறது. காற்று முக்கோணச் சுவரின் பக்கம் மோதும். இரு சரிவுகளிலும் வெயில் மாறி மாறி விழுந்து பனியும் ஈரமும் காயும். கடலோர நகரத் தோட்டத்துக்கு வந்த வீட்டுக்கு இந்தக் காரணங்கள் எதுவும் இல்லை. அங்கே அது அழகான பெரிய வீடு. ஏன் இந்த வடிவம் என்ற கேள்விக்கு விடை பலகையில்தான் எழுதியிருக்கும். பழங்கட்டடக் காப்பு பற்றிய சர்வதேச ஆவணமான 1964-இன் வெனிஸ் சாசனம் தன் 7-ஆம் பிரிவில், நினைவுச்சின்னம் அது நிற்கும் சூழலிலிருந்து பிரிக்க முடியாதது என்றும், காப்பாற்ற வேறு வழி இல்லாதபோதோ மிக முக்கியமான காரணம் இருக்கும்போதோதான் நகர்த்தலாம் என்றும் சொல்வதன் பொருள் இங்கே துலங்கும்.

அதற்காகப் பெயர்த்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நீருக்கடியில் அழுகுவதைவிட யோகொஹாமாவில் நிற்பது ஆயிரம் மடங்கு மேல். அங்கே அடுப்பை எரியவிட்டுப் புகை ஏற்றுகிறார்கள். காவாசாகியில் தன்னார்வலர்கள் அந்த வேலையைச் செய்கிறார்கள். வீட்டைப் புரிந்துகொண்டவர்களின் பராமரிப்பு அது. அதே அணையின்போது 400 ஆண்டுக்கு மேற்பட்ட இரண்டு செர்ரி மரங்களையும் பெயர்த்து நீர்த்தேக்கக் கரையில் நட்டார்கள். அவை வேர்பிடித்து இன்றும் பூக்கின்றன.

பெயர்ப்பதிலேயே இன்னொரு வகை உண்டு. அது பலர் கண்ணில் படுவதில்லை. கசுரா என்ற ஒதுக்குப்புற ஊரின் மக்கள் 1967-இல் மொத்தமாக ஊரைவிட்டு வெளியேறினார்கள். அவர்கள் வீடுகள் தூர நகரத்துக்குப் போகவில்லை. ஒகிமாச்சிக்கு எதிர்க்கரையில் கொண்டுவந்து நிறுத்தி, 1972-இல் திறந்தவெளி அருங்காட்சியகமாக்கினார்கள். பின்னர் மற்ற இடங்களின் வீடுகளும் சேர்ந்து இன்று அங்கே இருபத்தைந்து கட்டடங்கள் அளவில் இருக்கின்றன. அதே பனிதான் பெய்கிறது, வேயத் தெரிந்த ஆட்களும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். ஊர் செத்தாலும் வீடுகள் தம் காரணங்களோடு நிற்கின்றன. பெயர்த்தே ஆக வேண்டும் என்றால், தூரத்தைக் குறைப்பதற்காகப் போராட வேண்டும்.

விருந்தினர் தங்கும் இடமாக்குவது

இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. யார் கையில் இருக்கிறது என்பதே முழு விஷயமும். ஒகிமாச்சியில் பல குடும்பங்கள் தம் வீட்டிலேயே சில அறைகளை விருந்தினருக்குக் கொடுக்கின்றன. அடுப்பு எரிகிறது, வருவாய் கூரைக்குப் போகிறது, பாட்டி ஊரிலேயே இருக்கிறார்.

இத்தாலியில் இன்னொரு வடிவம் வளர்ந்தது. 1976-இன் ஃப்ரியூலி நிலநடுக்கத்துக்குப் பின், காலியான மலைக்கிராம வீடுகளை ஒரே விடுதியின் சிதறிய அறைகளாக நடத்தலாம் என்ற எண்ணம் பிறந்தது. அப்ருட்சோ பகுதியின் சான்தோ ஸ்தேஃபனோ தி செசானியோவில் தானியேலே கில்க்ரென் என்ற தொழில்முனைவோர் கைவிடப்பட்ட வீடுகளை வாங்கி, பழைய சுவரும் புகைக்கறையும் அப்படியே இருக்கும்படி சீரமைத்து விடுதியாக்கினார். மிக நுட்பமான வேலை அது. அழிந்திருக்கக்கூடிய கட்டடங்கள் நின்றன. ஆனால் அங்கே காக்கப்படுவது கட்டடங்களும் ஊரின் தோற்றமும். விதைப்பதும் அறுப்பதும் அந்த வழியில் தானாகத் திரும்பி வருவதில்லை. குடும்பங்கள் ஏற்கெனவே போய்விட்ட ஊருக்கு இது நல்ல வழி. இன்னும் சிலர் வாழும் ஊரில், ஒரே கையில் பல வீடுகள் சேர்வதை அனுமதிப்பதற்கு முன் நூறு முறை யோசிக்க வேண்டும்.

ஆளில்லாத ஊரை இருந்த இடத்திலேயே நிறுத்துவது

ஸ்காட்லாந்தின் ஆர்கைல் பகுதியில் ஆகின்ட்ரெய்ன் என்ற குக்கிராமம் இருக்கிறது. குடும்பங்கள் நிலத்தைக் கூட்டாகக் குத்தகைக்கு எடுத்து உழுத பழைய முறையின் எச்சம் அது. அந்த முறையில் வாழ்ந்த ஊர்கள் 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் அநேகமாக எல்லாம் கலைந்தன. கடைசிக் குத்தகைக்காரர் 1963-இல் போனார்; 1968-இல் ஊரே அருங்காட்சியகமானது. நீள்வீடுகள், கொட்டகைகள், கல்வரிசைகள் எல்லாம் பிறந்த மண்ணிலேயே இருக்கின்றன. ஒரு கட்டடம் ஏன் இன்னொன்றின் பக்கவாட்டில் இவ்வளவு நெருக்கமாக நிற்கிறது என்பதை நடந்தே தெரிந்துகொள்ளலாம். வாழும் ஊரை வைத்திருக்க முடியாதபோது, இதைத்தான் இரண்டாவதாகச் சொல்வேன்.

இதில் நார்வே காட்டும் பாடம் கூர்மையானது. அங்கே வீடுகள் கொத்தாகக் கூடிய பண்ணை ஊர்கள் மேற்குக் கடலோரம் நிறைய இருந்தன. சிதறிய நிலத் துண்டுகளை ஒருங்கிணைத்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரே இடத்தில் கொடுக்கும் சீர்திருத்தம் 19-ஆம் நூற்றாண்டில் முனைப்பாக நடந்தபோது, நிலத்தோடு வீடும் விலகிப் போனது, ஊர்கள் உடைந்தன. ஒரு கட்டடத்தையும் வெறுப்பால் இடிக்கவில்லை. நிலப் பங்கீடு மாறியதும் ஊரின் வடிவம் மாறிவிட்டது, அவ்வளவுதான். தப்பிய சிலவற்றுள் ஒன்றான ஓஸ்தெராய் தீவின் ஹாவ்ரோ ஊருக்கு 1998-இல் பாதுகாப்பு கொடுத்தபோது வீடுகளோடு வயலையும் புல்வெளியையும் சேர்த்தே பட்டியலிட்டார்கள். கட்டடப் பட்டியல் மட்டும் தயாரித்து நிலத்தை விட்டுவிடும் எந்தத் திட்டமும் பாதித் திட்டம்.

எதைத் தேர்வது

என் வரிசை இது. ஊரில் இன்னும் இரண்டு மூன்று குடும்பங்களாவது தங்க விரும்பினால், பணத்தையும் முயற்சியையும் முதலில் அவர்கள் மேல் செலவிட வேண்டும். கழிப்பறை, தண்ணீர், குளிரும் வெப்பமும் தாங்கும் ஓர் அறை, பிள்ளைகளுக்குச் சாலை. இவை இல்லாமல் கூரைக்கு மட்டும் மானியம் கொடுத்தால் பாரம்பரிய வீட்டில் யாரும் வாழ மாட்டார்கள். வீட்டுக்குள் நவீன வசதி சேர்ப்பதைக் கறை என்று கருதும் காப்பாளர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. வெளிவடிவும் சட்டகமும் வீடுகளுக்கு இடையிலான வெளியும் காக்கப்பட்டால், உள்ளே குழாய் வரட்டும்.

தங்க யாரும் இல்லை, நிலம் பத்திரமாக இருக்கிறது என்றால், இருந்த இடத்திலேயே காட்சிக்கு வைப்பதும் அளவான விடுதியும் சேர்ந்த ஏற்பாடு பொருந்தும். விடுதி வருவாய் இல்லாத சின்ன அருங்காட்சியகம் கூரைச் செலவில் திணறும். அருங்காட்சியகப் பொறுப்பு இல்லாத விடுதி வருவாய் குறைந்த ஆண்டில் கொட்டகைகளைக் கைவிடும். பெரிய வீடு எப்படியும் தப்பித்துவிடுகிறது. முதலில் விழுவது தொழுவமும் களஞ்சியமும்தான். ஒகிமாச்சியின் சிறு கொட்டகைகளையும் வாய்க்கால்களையும் எடுத்துவிட்டால், பெரிய கூரைகள் மட்டும் நிற்கும் விநோதமான இடமாகிவிடும்.

அணையோ சுரங்கமோ சாலையோ நிலத்தையே எடுத்துக்கொள்ளும் நிலையில், மரக்கட்டடமாக இருந்தால் பெயர்க்கலாம். ஒன்றிரண்டு அழகிய வீடுகளைப் பொறுக்கி எடுக்காமல், ஒரு குடும்பத்தின் வீடும் தொழுவமும் களஞ்சியமும் அதே இடைவெளியோடு, அதே திசையில், முடிந்தவரை அதே மலையடிவாரத்தில் நிற்கும்படி கேட்க வேண்டும். கசுரா வீடுகளுக்குக் கிடைத்தது போன்ற எதிர்க்கரை எல்லா ஊருக்கும் கிடைக்காது. கிடைக்குமா என்று தேடாமலே நகரத்துக்கு அனுப்பிவிடுவதுதான் வருத்தம்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் முன்னதாக முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு, அதற்கு அதிகப் பணமும் வேண்டாம். ஒழுகும் கூரைகளைத் தற்காலிகமாக மூடிவிட்டு, ஊர் முழுவதையும் அளந்து வரைந்துகொள்ள வேண்டும். வீடுகளின் தரைப்படத்தோடு, எந்தப் பாதை எந்தக் களத்துக்குப் போகிறது, எந்த வாய்க்கால் யாருக்கு எந்த முறையில், கூரைப் புல் எந்தச் சரிவில் வளர்ந்தது, கூரை மாற்றும்போது யார் யாரை அழைத்தார்கள் என்பதையெல்லாம் வேலை தெரிந்த பெரியவர்களிடம் கேட்டு எழுத வேண்டும். மரத்தில் உள்ள வெட்டுக்குறியைப் பத்து வருடம் கழித்தும் படிக்கலாம். இந்த விவரங்களைச் சொல்லக்கூடியவர்களோ இப்போதே எண்பதைக் கடந்திருப்பார்கள். கூரைக்கான டெண்டரைவிட அவர்களிடம் போவதுதான் அவசரம்.